ஸ்டவ் என்று சொன்னவள் நான்தான்

தம்பிக்கு,

நேற்று போனை நான் பாதியில் வைத்தது பால் பொங்கியதால் இல்லை. அடுப்பில் பாலே இல்லை. அடுத்த வாரம் ஐகோர்ட்டில் நீ வக்கீலாகப் பதிவு செய்துகொள்கிறாய், அப்பாவும் நானும் ரயிலேறி வந்துவிட வேண்டும் என்றாய். எனக்கு வாயெல்லாம் பல். அதோடு நிறுத்தியிருக்கலாம். “அம்மாதாம்மா கவுன் போட்டு வுடுறாங்க” என்றாய். ஒரே வாக்கியத்தில் இரண்டு அம்மா. கவுன் போட்டு விடப்போகிற அம்மா வக்கீலம்மா. அதைக் கேட்டுக்கொள்ள வேண்டிய அம்மா நான். அப்போதுதான் பால் பொங்கியது.

அதனால் எழுதுகிறேன். போனில் பேசினால் நீ சிரித்தே மழுப்பிவிடுவாய். விரல் ஒட்டிப்போன கையால் எழுதுவதால் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், படித்துக்கொள். வக்கீலாகப் போகிறவன் இதைவிட மோசமான கையெழுத்தையெல்லாம் படிக்க வேண்டி வரும். படித்த பிறகு வக்கீலம்மாவிடமும் காட்டு. ஒளித்து வைக்கிற அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை. எனக்கு அவர் மேல் பொறாமை என்பது அவருக்கு உனக்கு முன்பே தெரியும்.

ஆமாம், பொறாமைதான். அதற்கு வேறு நல்ல பெயர் வைத்துச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. “அவங்க நம்மளுக்கு எவ்ளோ செஞ்சிருக்காங்க, நீ இப்புடி பேசலாமா?” என்று உங்கப்பா நேற்றிலிருந்து முணுமுணுக்கிறார். செய்தார், யார் இல்லை என்றது? செய்ததால்தானே பொறாமை. நமக்கு ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடாதவர்கள் மேல் எனக்கு என்ன பொறாமை வரப்போகிறது?

நம் வீட்டுக் கதையை நீ சொல்லும்போதெல்லாம் வக்கீலம்மா பஸ்ஸை விட்டு இறங்குவதில் இருந்துதான் ஆரம்பிப்பாய். உன் காலேஜ் சினேகிதர்கள் வந்தபோதும் அப்படித்தான் சொன்னாய். நான் உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால் எரிந்தது யார் என்பது உன் கதையில் ஒரு வரியில் போய்விடுகிறது. இப்போது என் கதையை என் இஷ்டத்துக்குச் சொல்கிறேன்.

நீ பத்தாவது படித்துக்கொண்டிருந்தாய். உங்கப்பாவுக்குப் பீங்கான் கம்பெனியில் சூளைக்கு முன்னால் நிற்கிற வேலை. எனக்கு அதே கம்பெனியில் கப்புக்குக் கைப்பிடி ஒட்டுகிற வேலை. வருஷக்கணக்கில் சூளை முன்னால் நின்ற மனுஷனுக்கு ஒரு மயிர் பொசுங்கியது கிடையாது. நெருப்பு என்னைத் தேடி வீட்டு அடுப்படிக்கு வந்தது. முந்தின நாள் சாயங்காலம்தான் கேஸ் ஏஜென்சியிலிருந்து புது சிலிண்டர் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். காலையில் உனக்கு டிபன் கட்ட உள்ளே போனேன். வாடை வரவில்லையா என்று பிற்பாடு எத்தனையோ பேர் கேட்டார்கள். எனக்கு அன்றைக்குச் சளி பிடித்து மூக்கு அடைத்திருந்தது. தீக்குச்சியைக் கிழித்தேன். சத்தம் எனக்கு நினைவில் இல்லை, தெருவுக்கே கேட்டதாம். குளித்துக்கொண்டிருந்த நீ ஈரத் துண்டோடு ஓடி வந்து, கோணிச்சாக்கைப் போட்டு என்னை உருட்டி அணைத்தாய். இந்த இடத்தை ஏன் உன் கதையில் விட்டுவிடுகிறாய் என்று எனக்குப் புரிவதே இல்லை.

ஆட்டோவில் ஏற்றும்போதே தெருவில் பேசிக்கொண்டார்கள், ஸ்டவ்வு வெடிச்சிடிச்சாம் என்று. விருத்தாசலம் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுப் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே நம் ஊர் எஸ்.ஐ. வந்தார். இரண்டு கையும் கட்டுக்குள் இருக்க, நான் மல்லாந்து கிடந்தேன்.

“என்னம்மா ஆச்சு?” என்றார்.

“ஸ்டவ்வு வெடிச்சிடிச்சிங்க.”

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. அவர் ஏட்டைப் பார்த்தார். ஏட்டு சுவரைப் பார்த்தார்.

எனக்கு அப்போது விளங்கவில்லை. ஸ்டவ் வெடித்தது என்றால் நம் பக்கத்தில் என்ன அர்த்தம்? பேப்பரில் அப்படி வந்தால் படிக்கிறவர்கள் உச்சுக் கொட்டிவிட்டு, மாமியாரா புருஷனா என்றுதான் அடுத்துக் கேட்பார்கள். தானே ஊற்றிக்கொண்டவளும் அதைத்தான் சொல்லுவாள், பிறத்தியார் ஊற்றினவளும் அதைத்தான் சொல்லுவாள். அதனால் நிஜமாகவே வெடித்துப்போன என்னைப் போன்றவளுக்குச் சொல்ல வேறு வார்த்தை இல்லாமல் போய்விட்டது.

“பயப்படாம சொல்லும்மா. யாரு ஊத்துனது? வூட்டுக்காரரா?”

“யாரும் ஊத்துலிங்க. அவுரு டூட்டிக்குப் போயிட்டாரு.”

“வூட்ல மண்ணெண்ணெ இருக்குதா?”

“இருக்குதுங்க” என்றேன். ரேஷன் மண்ணெண்ணெய் இல்லாத வீடு எது? அதையும் எழுதிக்கொண்டார். மறுநாள் உங்கப்பாவை விசாரணை என்று ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டார்கள். பெண்டாட்டி ஆஸ்பத்திரியில், புருஷன் ஸ்டேஷனில், நீ மட்டும் வெளியே.

நீ என்ன செய்தாய் தெரியுமா? ஸ்கூல் யூனிபாரத்தோடு கோர்ட்டுக்குப் போய், கறுப்புக் கோட்டு போட்டு எதிரே வந்தவரிடமெல்லாம், எங்கப்பா ஒண்ணும் பண்ணல சார் என்று சொல்லிக்கொண்டே நின்றாய். யாரோ இலவச சட்ட உதவி அறையைக் காட்டினார்கள். அங்கே இருந்துதான் வக்கீலம்மாவை அனுப்பினார்கள். ஆக, அவர் தானாக வந்து குதித்தவர் இல்லை. நீ போய்க் கூட்டி வந்தவர். இதையும் நீ சொல்லுவதில்லை.

அவர் வந்தார். அப்போது சின்ன வயசு, கோட்டு தோளில் தொளதொளவென்று கிடந்தது. கட்டில் ஓரத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதுவரை என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும், சொந்தக்காரர்கள் உட்பட, யார் ஊற்றினது என்றுதான் ஜாடைமாடையாகக் கேட்டார்கள். அவர் கேட்டது, “சிலிண்டர எப்பங்க மாத்துனீங்க?” அதைக் கேட்டதும்தான் எனக்கு அழுகையே வந்தது. எரிந்தபோதுகூட அப்படி அழவில்லை. வெடித்ததற்கு முந்தின நாள் சாயங்காலம் போட்டது, ரெகுலேட்டர் மாட்டுகிற இடத்தில் ரப்பர் வாஷர் இருந்ததா இல்லையா தெரியாது என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் நேரே நம் வீட்டுக்குப் போனார். ஏஜென்சி ஆள் அதற்குள் வந்து சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தானாம். வாசலை மறித்து நின்று, போலீஸ் வந்து சிலிண்டருக்கும் ரெகுலேட்டருக்கும் சீல் வைக்கிற வரைக்கும் அவர் நகரவில்லை. வாஷர் இல்லை என்பது பிறகு வெளியே வந்தது. உங்கப்பாவும் வெளியே வந்தார்.

வக்காலத்தில் கையெழுத்துப் போட எனக்குக் கை இல்லை. ரேகை வைக்கலாம் என்றால் விரலும் கட்டுக்குள். அவர் கால்மாட்டுக்குப் போய் உட்கார்ந்து, என் காலைத் தூக்கி மடியில் வைத்து, கட்டைவிரலில் மை தடவி, அந்தக் காகிதத்தில் ஒற்றி எடுத்தார். முடிந்ததும் தன் கைக்குட்டையாலேயே மையைத் துடைத்துவிட்டார். மெட்டி போட உங்கப்பா பிடித்ததற்குப் பிறகு என் காலை அப்படி யாரும் பிடித்ததில்லை. அன்றைக்கு எனக்குப் பொறாமை எதுவும் இல்லை. மறுநாள்தான் வந்தது.

பக்கத்துக் கட்டிலில் கம்மாபுரம் பக்கத்துப் பெண் ஒருத்தி கிடந்தாளே, நினைவிருக்கிறதா? கல்யாணமான புதுசு. அவளும் ஸ்டவ் வெடித்தது என்றுதான் சொன்னாள். மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவள் வாயைத் திறப்பதற்குள் தானே சொல்லிக்கொண்டிருந்தாள். வக்கீலம்மா என்னைப் பார்க்கத்தான் வந்தார். ஆனால் நர்ஸிடம் ஏதோ சொல்லி, கட்டிலைச் சுற்றி இருந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு, அந்தப் பெண் பக்கத்தில் போய்க் குனிந்து உட்கார்ந்துவிட்டார். ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. என் வக்கீல், என் பிள்ளை கூட்டி வந்த வக்கீல், அவளிடம் இவருக்கு என்ன வேலை என்று நினைத்துக்கொண்டு கிடந்தேன். சாகக் கிடக்கிறவள் மேல் பொறாமைப்பட்ட பொம்பளை உன் அம்மா, தெரிந்துகொள். அன்றைக்கே மாஜிஸ்திரேட் வந்து அவளிடம் வாக்குமூலம் வாங்கினார். அவள் பிழைக்கவில்லை. பிறகு அந்த மாமியாரைத் தேடிப் போலீஸ் வந்தது. அந்தப் பெண் காதோடு என்ன சொன்னாள் என்று நான் எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தேன். வக்கீலம்மா ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

இதைத்தான் நீ படிக்க வேண்டும் தம்பி, புஸ்தகத்தில் இருக்காது. அடுத்தடுத்த கட்டிலில் கிடந்த இரண்டு பேர் ஒரே வார்த்தையைச் சொன்னோம். ஒருத்தி சொன்னது நிஜம், ஒருத்தி சொன்னது பயம். உன்னிடம் எரிந்த உடம்போடு ஒருத்தி வந்து ஸ்டவ் வெடித்தது என்றால் உடனே நம்பாதே, உடனே நம்பாமலும் இருக்காதே. எதில் சமைத்தாய் என்று கேள். யார் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று பார். வாடைக்கு மூக்கைப் பொத்தாதே. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரு, நின்றுகொண்டு கேட்காதே. கட்டிலில் கிடக்கிறவளுக்கு நிற்கிறவர்கள் எல்லாரும் போலீஸ் மாதிரிதான் தெரிவார்கள். இதெல்லாம் அவரிடம் நான் பார்த்தது. அவரிடமிருந்து எடுத்து உனக்குக் கொடுப்பதற்கும் எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது.

ஏஜென்சி மேல் நஷ்டஈடு கேட்டுப் போட்ட கேஸு கடலூர் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனது. வாய்தாவுக்கு வாய்தா வடலூர் வழியாகப் பஸ்ஸில் போனோம். முதலில் நீ அவரை “மேடம்” என்றாய். அப்புறம் “வக்கீலம்மா.” எப்போது வக்கீல் உதிர்ந்து வெறும் அம்மா ஆனது என்று எனக்குச் சரியாகத் தெரியும். ஒரு வாய்தா முடிந்து திரும்பும்போது, கூட்டமான பஸ்ஸில், வெயிலில் வாடிப்போய், “ம்மா, தண்ணி” என்றாய். நான் இரண்டு கையாலும் பாட்டிலை இடுக்கி, மூடியைப் பல்லால் கடித்துத் திறந்து நீட்டினேன். நீ முன் சீட்டில் இருந்த அவரிடம் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தாய். நீ கேட்டதே அவரைத்தான். திறந்த தண்ணீரை என்ன செய்வது, நானே குடித்தேன்.

அதற்கு அப்புறம் நானும் சும்மா இருக்கவில்லை. அவர் நம் வீட்டுக்கு வரும்போதெல்லாம் காபிக்கு வேண்டுமென்றே சர்க்கரையைக் குறைத்துப் போடச் சொல்லுவேன். முகம் சுளிக்காமல் குடிப்பார். இந்த மனுஷிக்குச் சீக்கிரம் ஒரு கல்யாணம் ஆகி, சொந்தமாக ஒரு பிள்ளை பிறக்க வேண்டும் என்று பழமலைநாதருக்கு அர்ச்சனைகூடச் செய்தேன். அவர் நல்லதுக்காக என்று ஐயர் நினைத்துக்கொண்டார். சாமிக்குத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது, அதை நிறைவேற்றவே இல்லை.

கேஸில் எதிர்க்கட்சி வக்கீல் பிடித்துக்கொண்டது என் வாயைத்தான். போலீஸில் நான் கொடுத்த வாக்குமூலத்தைத் தூக்கிக் காட்டி, “சிலிண்டர்னு இவங்க ஒரு எடத்துலயும் சொல்லல. ஸ்டவ்வுன்னுதான் சொல்லியிருக்காங்க. வூட்டுல மண்ணெண்ணெ இருந்ததையும் ஒத்துக்கிட்டாங்க. மண்ணெண்ணெ ஸ்டவ்வு வெடிச்சதுக்கு கேஸு ஏஜென்சி என்ன பண்ணும்?” என்றார். வாஷர் இல்லாததற்கு, நெருப்பில் உருகியிருக்கும் என்றார். என் வார்த்தையே என்னைக் கவிழ்த்துவிட்டது. திரும்பி வரும் வழியெல்லாம் வக்கீலம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். ஜெயிக்காவிட்டால் என் கைக்கு ஆபரேஷன் இல்லை என்பது நம் மூன்று பேருக்கும் தெரியும்.

இப்போது உன் கதையில் நீ சுத்தமாக விழுங்கிவிடுகிற இடத்துக்கு வருகிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் நம் வீட்டில் உட்கார்ந்து கேஸ் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். நீ சமைத்துக்கொண்டிருந்தாய். எனக்கு அடுப்புப் பக்கம் போக அப்போது பயம். வாசற்படியில் நின்றபடி, “டேய், கொழம்பு அடிபுடிக்குது பாரு, ஸ்டவ்வ சிம்முல வைய்யி” என்றேன். வக்கீலம்மா தலையைத் தூக்கினார்.

“என்னங்க சொன்னீங்க?”

“கொழம்பு அடிபுடிக்குதுன்னேன்.”

“அதில்லிங்க, அதுக்கப்பறம்?”

“ஸ்டவ்வ சிம்முல வைக்கச் சொன்னேன்.”

அவர் எழுந்து வந்து கேஸ் அடுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார். எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

அடுத்த வாய்தாவில் சிலிண்டர் போட்ட ஆளைக் கூண்டில் நிறுத்தி அவர் ஒரே கேள்விதான் கேட்டார். “உங்க வூட்டுல கேஸு அடுப்ப என்னான்னு சொல்லுவீங்க?” அந்த ஆள் யோசிக்காமல், “ஸ்டவ்வுதாங்க” என்றான். எதிர்க்கட்சி வக்கீலே குனிந்துகொண்டார். மேலே ஜட்ஜுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மெம்பர் அம்மாள் ஒருவர், எங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று சொல்லிச் சிரித்தார். நிபுணர் அறிக்கை, தீயணைப்பு அறிக்கை எல்லாம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அன்றைக்குத்தான் கேஸு நம் பக்கம் சாய்ந்தது. “அம்மா ஒரே கேள்வி கேட்டாங்க, எல்லாம் முடிஞ்சிது” என்று நீ ஊரெல்லாம் சொல்கிறாய். அந்தக் கேள்வி நம் வீட்டு அடுப்படியில், என் வாயிலிருந்து எடுத்தது. என்னைக் கவிழ்த்த வார்த்தையும் என்னுடையது, காப்பாற்றிய வார்த்தையும் என்னுடையது. ஸ்டவ் என்று சொன்னவள் நான்தான். இனிமேல் கதை சொன்னால் அதையும் சேர்த்துச் சொல்லு.

தீர்ப்பு வந்த அன்றைக்கு வராந்தாவில் நீ ஓடிப்போய் அவரைத்தான் முதலில் கட்டிப் பிடித்தாய். பிறகு நினைவு வந்து என்னிடம் வந்தாய். அவர் உன் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தார். ஏதோ என் பொருளை எடுத்துவிட்டவர் மாதிரி அவர் முகம் இருந்தது. அதனால்தான் சொல்கிறேன், அவருக்கு எப்போதோ தெரியும்.

இவ்வளவு எழுதிவிட்டேன், மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன். தண்ணீரோ, தீர்ப்போ, கவுனோ இல்லை இதற்கெல்லாம் காரணம். ஆஸ்பத்திரியில் கட்டு பிரித்த அன்றைக்கு நீயும் அவரும் ஒன்றாக வந்தீர்கள். உன்னைத் தொட்டு எத்தனை நாளாயிற்று என்று நான் கையைத் தூக்கி உன் கன்னத்துப் பக்கம் கொண்டு வந்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். கை தொடுவதற்கு முன்பே மூடிக்கொண்டாய். வெயில் கூசியது என்று பிறகு சொன்னாய். வார்டுக்குள் ஏது வெயில்? நான் கையை இறக்கிவிட்டேன். அப்போது அவர் உன் தோளில் கை வைத்தார். நீ கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாய். அந்தக் கை மேல்தான் எனக்குப் பொறாமை. பீங்கான் கப்பைப் போல வழவழவென்று இருந்தது அது. என் கையும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது என்று உனக்குச் சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை. நீ சின்னப் பிள்ளை, பயந்துவிட்டாய், அதில் தப்பே இல்லை. அன்றிலிருந்து இன்று வரை நான் உன் முகத்தைத் தொட்டதில்லை. நீ கவனித்திருக்க மாட்டாய்.

வருகிறேன். உங்கப்பா டிக்கெட் எடுத்துவிட்டார். கவுனை அவரே போட்டுவிடட்டும். அதை அவர் சம்பாதித்திருக்கிறார், அதில் கை வைக்க எனக்கு உரிமை இல்லை. அவருக்கு ஒரு புடவையும் எடுத்து வைத்திருக்கிறேன். ஊருக்கு வந்தால் காபிக்கு இனிமேல் சர்க்கரை சரியாக இருக்கும் என்றும் சொல்லு. ஆனால் கழுத்தில் கட்டுகிற அந்த வெள்ளைப் பட்டி இருக்கிறதே, அதன் நாடாவை நான்தான் கட்டுவேன். அதை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். இந்த விரல்களுக்கு முடிச்சுப் போட நேரமாகும். வரிசையில் பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும். வழுக்கிவிடும், மறுபடியும் போடுவேன். கை உன் கழுத்திலும் தாடையிலும் படும், சொரசொரவென்று இருக்கும். நீ கொஞ்சம் குனிந்து கொடு. கண்ணை மட்டும் மூடாதே.

உன் அம்மா.
வக்கீலம்மா இல்லை, வெறும் அம்மா.